அளவையும் அறமும்

விழா மலரொன்றில் தமிழாசிரியன் எழுதுவதாயின் சங்க இலக்கியத்தின் நயத்தையோ சமயகுரவரின் அருள்மொழியையோ பற்றி எழுதுவான் என்று எதிர்பார்த்தல் இயல்பு. இரும்பும் பித்தளையும் இரசமும் அளவுகருவியும் அவனுக்கு எற்றுக்கு என வினவுவாரும் உளர். அவர்க்கு விடை நம் இலக்கணத்திலேயே உண்டு. சொல் நெறி பிறழாது நிற்பது வழாநிலை. பிறழ்ந்து நிற்பது வழு. பிறழ்ந்ததாயினும் காரணம் அறிந்து ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. அடுத்த வகுப்பறையிலே பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியரும் வழு என்னும் இச்சொல்லையே கையாளுகின்றார். நுண்மானித் திருகுக்கணிச்சியின் இரு முகங்களும் ஒன்றையொன்று மெல்லத் தொட்டு நிற்கையில் அது பூச்சியத்தைக் காட்டுமாயின் கருவி வழாநிலையில் உளது. 0.03 மில்லிமீற்றர் எனக் காட்டுமாயின் அது பூச்சிய வழு. அவ்வழுவின் அளவை அறிந்து, எடுக்கும் ஒவ்வோர் அளவிலிருந்தும் அதனைக் கழித்துக்கொள்வோமாயின் அக்கருவியும் பயன்படும்; அது வழுவமைதி போல்வது. அறிந்த வழுவினால் பெருங்கேடு இல்லை. அறியாத வழுவே கேடு செய்வது.

கல்லூரியின் விழா ஆண்டில் அன்னைக்கு யாது காணிக்கை செலுத்தலாம் எனப் பழைய மாணவர் கூடிப் பேசும்போது வளைவு என்பர் சிலர். மண்டபம் என்பர் சிலர். விளையாட்டுத் திடலைத் திருத்துவோம் என்பர் வேறு சிலர். இவற்றுள் ஒன்றையும் யான் மறுக்கவில்லை. ஆயினும் இவற்றோடு ஒரு சிறு பட்டறையும் அதனுள் ஓர் அளவை அறையும் அமைதல் வேண்டும் என்பது என் கருத்து. தொழில் பழக்கி ஊதியத்துக்கு அனுப்பும் பயிற்சி நிலையமன்று யான் வேண்டுவது. மாணவர் தம் ஓய்வு வேளையில், விருப்பத்தின்பேரில், உலோகத்தைக் கடைந்தும் அராவியும் அளந்தும் பார்க்கும் இடமே யான் வேண்டுவது. அதற்குரிய காரணங்களை இவண் முறையாகக் கூற விழைகின்றேன்.

புசல்லாவை மலைக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு பழையது. வேர்ம்ஸ் சகோதரர் 1841-ஆம் ஆண்டளவில் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இங்குள்ள றொத்சைல்ட் தோட்டத்தில் நட்டனர். அம்முயற்சி வணிகமாக வளரவில்லை. பின்னர் 1867-இல் கண்டிப் பகுதியின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவர் முதலில் தம் பங்களா விறாந்தையில் மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்டுவித்தார். 1872 அளவில் உருட்டும் இயந்திரம் ஒன்றைத் தாமே வகுத்து அமைத்தார். அவர் பொறியியற் பட்டம் பெற்றவரல்லர். தம் தேவையைத் தாமே ஆராய்ந்து, கைக்கெட்டிய பொருளைக்கொண்டு செய்து பார்த்தவர். கண்டியில் ஜோன் வாக்கர் 1854-இல் தொடங்கிய நிறுவனம் கோப்பிக் காலத்திலே கோப்பிப் பழத்தின் தோல் நீக்கும் இயந்திரங்களையும், பின்னாளிலே தேயிலை இயந்திரங்களையும் செய்தது. ஆக, இம்மலைநாட்டின் செல்வம் மண்ணிலிருந்து மாத்திரம் வந்ததன்று; பட்டறையிலிருந்தும் வந்தது.

அவ்வியந்திரங்களை வகுத்தோர் பெயர் வரலாற்றில் உள்ளது. அவற்றை இரவும் பகலும் ஓட்டியும், எண்ணெயிட்டும், தேய்ந்த புதையைக் கழற்றி மாற்றியும் காத்தோர் நம் பாட்டனார்; அவர்தம் பெயர்கள் எவ்வேட்டிலும் இல்லை. எனினும் அவர்கள் இயந்திரத்தை வெறும் இரும்பாகக் கருதினார்களல்லர். உருளும் சக்கரத்தை ரோதை என வழங்கி, தொழிற்சாலைக் காவலாக ரோதைமுனியை வழிபட்டனர். இன்றும் ஆயுத பூசையன்று சாவிக்கும் சுத்தியலுக்கும் சந்தனப் பொட்டிடுகின்றோம். இப்பத்தி போற்றத்தக்கதே. ஆயினும் ஒரு நாள் பொட்டிட்ட கருவியின் வழுவை ஆண்டு முழுவதும் நோக்குகின்றோமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருவியைப் போற்றுதல் என்பது அதன் உண்மையைப் பேணுதலும் ஆகும்.

இனி, இவ்விடயம் நம் சமூகத்துக்கு ஏன் பெரிது என்பதைக் கூறுவேன். உலகில் வேறெந்த மக்களைக் காட்டிலும் நம்மவர் அளக்கப்பட்டு வாழ்ந்தவர்கள். கூடையைச் சுமந்து மலையிறங்கி வந்த தாய் தராசின் முன் நிற்பாள். முள் எங்கே நின்றது என்பதைக் கணக்கப்பிள்ளை பார்ப்பார்; அவர் சொல்லும் எண்ணே ஏட்டில் ஏறும். ஈரத்துக்கு ஒரு கழிவு, கூடைக்கும் சாக்குக்கும் ஒரு கழிவு. கழிவு நியாயமானதா என்பது ஒரு வினா. தராசு உண்மை பேசுகின்றதா என்பது அதற்கும் முந்திய வினா. ஒரு நிறுவையில் அரைக் கிலோ குறையுமாயின், நாளொன்றுக்கு மூன்று நிறுவையும் மாதம் 20 நாள் வேலையுமாக, ஒருத்தியின் கணக்கில் 30 கிலோ மறைந்துபோகும். இதற்கு எவரும் வஞ்சகராக இருத்தல் வேண்டுவதில்லை. தளர்ந்த வில் ஒன்று போதும். பூச்சியத்துக்குத் திருப்பப்படாத முள் ஒன்று போதும். அத்தராசு கூட்டியே காட்டினாலும் அதுவும் வழுவே. அப்போது இழப்பு மறுபக்கத்தார்க்கு. நடுவுநிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமை கூறினார். அக்கோலே கோணியிருந்தால் நீதிமானும் அறியாது தவறுவான்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளிலே, முதலாம் இராசராசன் அளித்த பொன் ‘ஆடவல்லான்’ என்னும் நிறைகல்லாலும், மணி பதித்த அணிகலன்கள் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் நிறைகல்லாலும் நிறுக்கப்பட்டமை கூறப்படுகின்றது. இத்துணைப் பொன் என்று மாத்திரம் கூறாது எக்கல்லால் நிறுத்தது என்பதையும் கல்லில் வெட்டி வைத்தமை நோக்கத்தக்கது. ஓர் அளவைச் சொல்லும்போது அவ்வளவுக்கு மூலமாகிய நியமத்தையும் உடன் சொல்லுதலே இக்காலத்து அளவையியலின் அடிப்படை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது நம் கோயிற் சுவரில் இருந்தது. இலங்கையில் இன்று இதற்கெனச் சட்டம் உண்டு. 1995-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் வணிகத் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரையிடுகின்றது. சட்டம் இருந்தும், முத்திரை எங்கே உள்ளதெனப் பார்க்கத் தெரியாதவனுக்கு அச்சட்டத்தால் ஆகும் பயன் சிறிதே.

பட்டறைப் பயிற்சியில் மாணவன் முதலாவதாகக் கற்பது உலோகத்தை அறிதல். நம் சித்தாந்த நூல்கள் காண்டல், கருதல், உரை என அளவை மூன்று கூறும். பட்டறையிலும் இம்மூன்றுமே வேண்டும். நிறமும் ஒலியும் எடையும் காண்டல். மஞ்சள் நிறங்கண்டு பித்தளையென்று துணிதல் எளிது. ஆயின் வெண்கலமும் மஞ்சட் சாயல் கொள்ளும், பித்தளை பூசிய உருக்கும் மஞ்சளாகத் தோன்றும். அங்கே கருதல் வேண்டும். காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. சாணைக்கல்லில் வைத்தால் மெல்லுருக்கு நீண்ட பொறிகளைச் சொரியும்; வார்ப்பிரும்பு குறுகிய செம்பொறிகளைத் தரும்; செம்பும் பித்தளையும் பொறி தரமாட்டா. காற்றில் நிறுத்து, நீரில் அமிழ்த்தி மீண்டும் நிறுத்தால் அடர்த்தி தெரியும். அலுமினியம் நீரைப்போல் 2.7 மடங்கு, உருக்கு ஏறத்தாழ 7.85, பித்தளை ஏறத்தாழ 8.5, ஈயம் 11.3, பொன் 19.3 மடங்கு கனமுடையன. விற்றவர் சொல்லும் சொல்லும், கம்பியின் முனையில் பதித்த குறியும் உரை. மூன்றும் ஒத்தபின்னரே உலோகத்தின் பெயரைத் துணிதல் முறை.

இவ்வறிவு வெறும் ஆர்வத்துக்காக அன்று. தேயிலைக் கொழுந்தின் சாறு இரும்பிற் பட்டால் கறுக்கும். கொழுந்திலுள்ள தனினும் இரும்பும் கூடி மையாதலே காரணம். ஆதலாற்றான் கொழுந்தை உருட்டும் மேசைக்குப் பித்தளையும், பின்னர்க் கறையில் உருக்கும் கொள்ளப்பட்டன. நாகம் பூசிய குழாயைப் பூச்சு நீக்காமல் காய்ச்சி ஒட்டுபவனுக்கு அன்றிரவு குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வருவது உண்டு. மலேரியா என்று எண்ணி மாத்திரை விழுங்குவோரும் உளர். அது நாகத்தின் புகையை மூச்சில் இழுத்ததன் விளைவு. பித்தளையை உருக்கும்போதும் அப்புகையே எழும். கடைவதற்கு எளிதாகும்பொருட்டுச் சில பித்தளைகளிலே சிறிது ஈயம் சேர்ப்பர். அதனைக் கடைந்த கையைக் கழுவாமல் உணவு உண்ணலாகாது. உலோகத்தின் பெயரை அறியாதவன் அதன் குணத்தையும் அறியான்; குணத்தை அறியாதவன் தன் உடம்பைக் காவான்.

இவ்வகையில் எல்லா உலோகங்களிலும் ஏமாற்றுவது இரசம். தமிழகத்தார் இதனைப் பாதரசம் என்பர். அறையின் வெப்பநிலையிலே நீர்போல் ஓடும் உலோகம் இது ஒன்றே எனலாம். நீரினும் 13.6 மடங்கு கனமானது. இரும்பாணி இதன்மேல் மிதக்கும். பொன், வெள்ளி, ஈயம் முதலியவற்றோடு கலந்துவிடும், இரும்போடு சேராது. ஆதலின் பண்டுதொட்டு இதனை இரும்புக் குப்பிகளில் அடைத்து விற்றனர். அலுமினியத்தின் மேலுள்ள காப்புப் படலத்தை உடைத்து உட்புகுந்தால் அவ்வுலோகம் தானே உதிர்ந்து போகும். விமானங்களில் இரசத்தைக் கொண்டுசெல்லத் தடை இருப்பது இதனாலேயே. இத்தகைய அரிய பண்புகள் இருத்தலால் சிறுவர் இதனை உள்ளங்கையில் உருட்டி மகிழ்வர். அம்மகிழ்ச்சியே ஆபத்து.

இரசம் கொதிப்பது 357 பாகை செல்சியசில். கொதிக்கும்வரை அது ஆவியாகாது என எண்ணுதல் பெரும் பிழை. 20 பாகையிலேயே அது மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும். அவ்வாவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது நிறைவடையின் ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 13 மில்லிகிராம் இருக்கும். தொழிலிடக் காற்றில் இருக்கத்தக்க எல்லையாக அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் பரிந்துரைத்திருப்பது 0.025 மில்லிகிராம். ஐந்நூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இது. நீளம் 5 மீற்றர், அகலம் 4 மீற்றர், உயரம் 3 மீற்றர் உள்ள வகுப்பறையில் 60 கனமீற்றர் காற்று உண்டு. ஒன்றரை மில்லிகிராம் இரசம் ஆவியானால் அவ்வறை எல்லையைத் தொட்டுவிடும். காய்ச்சல் பார்க்கும் பழைய வெப்பமானி ஒன்றில் உள்ளதோ ஏறத்தாழ ஒரு கிராம். அதாவது ஆயிரம் மில்லிகிராம். மூச்சுவழிச் சென்ற ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கைநடுக்கம், மறதி, எரிச்சற் குணம், ஈறு வீக்கம் ஆகியன அடையாளங்கள். பொன்முலாம் பூசும் பழைய முறையில் பொன்னையும் இரசத்தையும் குழைத்துப் பூசி, நெருப்பில் வாட்டி இரசத்தை ஓட்டுவர். ஓட்டப்பட்ட இரசம் எங்குப் போயிற்று என வினவாத தட்டாரின் சுவாசப்பையிலேயே அது புகுந்தது.

இது நூலறிவு மாத்திரமன்று. தமிழ்கூறும் மலையொன்றிலேயே நிகழ்ந்த நிகழ்ச்சியுமுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. இரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி ஊர்ப் பழம்பொருட் கடையொன்றிற் குவிந்து கிடத்தலை 2001 மார்ச்சில் ஊரவரும் சூழலியலாரும் வெளிப்படுத்தினர், தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் 290 தொன் அளவு கழிவு ஐக்கிய அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தம் உடல்நலம் கெட்டது எனத் தொழிலாளர் முறையிட்டனர். நிறுவனம் அதனை மறுத்தது. நெடுங்கால வழக்கின் பின்னர் 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு காணப்பட்டது. நம்மைப் போலவே மலையில் வாழ்ந்து, நம் மொழியையே பேசிய மக்கள் அவர்கள். அவர்கள் செய்தது பிறர் உடலின் சூட்டை அளக்கும் கருவியை. தாம் மூச்சிழுத்த காற்றை அளந்து சொல்லும் கருவி அவர் கையில் இருக்கவில்லை.

ஜப்பானின் மினமாட்டாவில் இரசத்தால் நேர்ந்த நோய் 1956-இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே 2013-இல் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. இலங்கையும் 2017-இல் அதில் இணைந்தது. இரச வெப்பமானியும் இரச இரத்த அழுத்தமானியும் உற்பத்தியிலிருந்து நீங்கி வருகின்றன. எனினும் முன்னர் வாங்கியவை மறைந்துவிடவில்லை. பழைய ஆய்வுகூட அலமாரி, பழைய தொழிற்சாலையின் உலர்த்தியில் செருகிய வெப்பமானி, பழம்பொருட் கடையில் விலைக்கு வரும் அழுத்தமானி, சாய்ந்தால் இயங்கும் பழைய மின்ஆளி ஆகியவற்றில் அது இன்றும் காத்திருக்கலாம். பொழுதுபோக்காகப் பழம்பொருளைக் கழற்றிப் பார்க்கும் இளைஞரே இதனை முதலிற் சந்திப்பவர். ஆகவே அவர் அறிய வேண்டியவை சில உள. வெப்பமானி உடைந்தால் சன்னல்களைத் திறந்து, சிறுவரை வெளியேற்றுக. மோதிரத்தைக் கழற்றுக. துடைப்பத்தால் கூட்டற்க, கூட்டினால் ஒரு துளி நூறு துளியாகும். தூசி உறிஞ்சும் இயந்திரத்தை அணுகவிடற்க; அது இரசத்தை ஆவியாக்கி அறையெங்கும் ஊதும். தரையோடு ஒட்ட மின்சூளை பிடித்தால் துளிகள் பளிச்சிடும். இரண்டு தடித்த அட்டைகளால் அவற்றை ஒதுக்கி எடுத்து, எஞ்சிய நுண்துளிகளை ஒட்டும் நாடாவால் எடுத்து, இறுக மூடும் போத்தலில் இட்டுப் பெயரெழுதி வைக்க. நீர்த்தொட்டியிலும் குப்பைக் கிடங்கிலும் எறியற்க. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் வழிகாட்டலைப் பெறுக. அமைக்க வேண்டிய பட்டறையின் முதல் விதி, அதனுள் இரசம் புகாது என்பதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, அளவுகருவியைச் சோதித்தல். பிரான்சு நாட்டவரான பியர் வேணியர் 1631-இல் வெளியிட்ட அளவிடை இன்றும் நம் மாணவர் கையில் உள்ளது. சுவீடன் நாட்டவரான ஜொகான்சன் 1896-இல் அளவுக்கட்டைகளை எண்ணி அமைத்தார். கண்ணாடிபோல் மெருகிட்ட அவ்வுருக்குக் கட்டைகளை ஒன்றன்மேலொன்று அழுத்தித் திருகினால் ஒட்டிக்கொள்ளும். சில கட்டைகளைக் கொண்டே ஆயிரக்கணக்கான அளவுகளைக் கட்டலாம். இவற்றாலேயே கணிச்சியின் உண்மையை நோக்குவர். ஆயின் எல்லா அளவும் 20 பாகை செல்சியசில் உண்மையென்பதே 1931 முதல் உலகம் ஒப்புக்கொண்ட வழக்கு. 100 மில்லிமீற்றர் அலுமினியத் துண்டு 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.023 மில்லிமீற்றர் நீளும். உருக்கு அதில் பாதியளவே நீளும். கொழும்பின் பகல் வெப்பத்தில் இவ்வேறுபாடு ஓயாது தொல்லை தரும். புசல்லாவையின் காலைப் பொழுதோ அந்த 20 பாகைக்கு அண்மையில் நிற்பது. இறைவன் நமக்குக் கூலியின்றித் தந்த அளவை அறை இது.

ஆயினும் மலை வேறொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. நீர் 100 பாகையில் கொதிக்குமென்றும், வளிமண்டல அழுத்தம் 76 சென்ரிமீற்றர் இரசமென்றும் பாடநூல் கூறும். அவை கடற்கரைக்கு உரிய எண்கள். ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் நீர் 97 பாகையளவிலேயே கொதிக்கும். அழுத்தமும் 68 சென்ரிமீற்றர் அளவே. இங்குள்ள மாணவன் கொதிநீரில் வெப்பமானியை இட்டு 97 எனக் கண்டால் என் செய்வான்? கருவி பிழையென்பான், அல்லது தன் கண் பிழையென்று 100 என எழுதிவைப்பான். இரண்டாவது செயலே கல்விக்கு நேரும் பெருங்கேடு. கருவியும் பிழையன்று, கண்ணும் பிழையன்று, இடம் வேறு. நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த கலத்தில் வெப்பமானி பூச்சியத்தைக் காட்டுகின்றதா என முதலில் நோக்கினால் ஐயம் தீரும். பனிக்கட்டி உருகும் நிலை மலையிலும் கரையிலும் ஒன்றே. தன் ஊரின் உண்மையைத் தான் அளந்து, பாடநூலுக்கு அஞ்சாது எழுதும் மாணவனே நமக்கு வேண்டியவன்.

தராசைச் சோதித்தலும் அரிதன்று. இரு தட்டுத் தராசாயின், பொருளையும் படிக்கல்லையும் இடம் மாற்றி வைத்து மீண்டும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். கோலின் இரு கைகளும் நிகராயின் முடிவு மாறாது. மாறினால் கோல் கோணல். வில்தராசாயின் வெறுமையாக இருக்கும்போது முள் எங்கே நிற்கின்றது என நோக்கி, பின்னர் நிறை தெரிந்த பொருளைத் தொங்கவிடுதல் வேண்டும். ஒரு லீற்றர் நீர் 20 பாகையில் 998 கிராம் நிறையுடையது. வாளியை முதலில் நிறுத்துவிட்டு, பத்து லீற்றர் நீரைச் செவ்வையாக அளந்து அதில் ஊற்றி மீண்டும் நிறுத்தால், கூடிய நிறை பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. இங்கிலாந்தின் விற்வேத் 1840-இல் தட்டையான தகடு செய்யும் முறையை விளக்கியபோது மற்றொரு நுட்பத்தையும் புலப்படுத்தினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தேய்த்தால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இரண்டும் நன்கு பொருந்திவிடக்கூடும். மூன்றாவது தகட்டையும் சேர்த்து மூன்றையும் மாறிமாறி ஒப்பிட்டால்தான் உண்மைத் தட்டை வெளிப்படும். தராசும் ஏடும் தம்முள் பொருந்திவிட்டமையால் மாத்திரம் நிறை உண்மையாகிவிடாது. மூன்றாவது சான்று வேண்டும்.

இக்கருத்துக்கு எழும் மறுப்புகளையும் நோக்குவோம். “எங்கள் பிள்ளைகள் எண்ணெயும் கரியும் படியாத கையோடு நாற்காலியில் அமர வேண்டும் என்றுதானே பள்ளிக்கு அனுப்பினோம்” என்று பெற்றோர் கூறுவர். மூன்று தலைமுறை முதுகொடிந்த உழைப்பிலிருந்து பிறந்த சொல் அது. அதனை எள்ளி நகையாடல் தகாது. ஆயினும் உழைப்பு வேறு, கைத்திறன் வேறு. பிறர் அளந்து தரும் வேலையைச் செய்தல் அடிமைத்தனமாகலாம். தானே அளந்து தானே செய்தல் ஒருபோதும் அடிமைத்தனமாகாது. கோயம்புத்தூர் ஜீ. டீ. நாயுடு முறையான பள்ளிப்படிப்பை நிறைவு செய்யாதவர். சிறு வயதில் ஆங்கிலேய அதிகாரியொருவரின் மோட்டார்ச் சைக்கிளைக் கண்டு வியந்தவர், உணவுச்சாலையில் வேலைசெய்து சேர்த்த பொருளால் அத்தகைய வண்டியொன்றை வாங்கி, அதனைத் துண்டு துண்டாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். 1937-இல் இந்தியாவில் முதன்முதல் மின்மோட்டர் செய்த முயற்சியோடு அவர் பெயர் இணைந்து வழங்குகின்றது. மருத்துவராக விரும்பும் மாணவிக்கும், கணக்காளராக விரும்பும் மாணவனுக்கும் அளவின் வழுவை அறிந்த கை வேண்டும்.

இலக்கத்தில் காட்டும் கருவிகள் வந்துவிட்ட காலத்தில் இப்பழைய பயிற்சி எதற்கு என்பர் வேறு சிலர். பல தோட்டங்களில் முள் தராசு நீங்கி இலக்கத் தராசு வந்துவிட்டது உண்மையே. ஆயின் புள்ளிக்குப் பின்னர் இரண்டு இலக்கம் காட்டுவதால் அவ்விரண்டு இலக்கமும் உண்மையாகிவிடா. முன்பு முள் நடுங்குவதைக் கண்டாவது ஐயங்கொண்டோம். இப்போது ஒளிரும் எண்ணை ஐயமின்றி நம்புகின்றோம். வழு மறைந்து நிற்க இன்னும் வசதியான இடம் அது. அபாயமுள்ள இடத்துக்குச் சிறுவரை விடலாமா என்னும் மறுப்புக்கு, கற்பிக்காது விடுதலே பெரிய அபாயம் என்பது விடை. பழைய அழுத்தமானியை வீட்டுப் பின்புறத்திலே கழற்றும் சிறுவனைத் தடுக்க எந்த மதிலும் போதாது. அவன் அறிவே தடுத்தல் வேண்டும்.

வேண்டுவன மிகப் பலவல்ல. காற்றோட்டமுள்ள அறை ஒன்று. லேத் என்று வழங்கும் சிறு கடைசல் இயந்திரம் ஒன்று, பழையதாயினும் செவ்வையானது. பிடிகருவிகள் பூட்டிய இரண்டு மேசைகள். அரம், வாள், துளைகருவி. கண்ணைக் காக்கும் கண்ணாடிகள். வேணியர் இடுக்கியும் கணிச்சியும் சில. சிறு அளவுக்கட்டைத் தொகுதி ஒன்று. முத்திரையிட்ட படிக்கற்கள் ஒரு தொகுதி. பழைய மாணவருள் தேயிலைத் தொழிற்சாலைகளிலும், கம்பளை, கண்டி நகர்ப் பட்டறைகளிலும், கடல் கடந்த நாடுகளிலும் உலோகத்தோடு வாழ்வோர் உளர். அவர் ஒவ்வொருவரும் பணத்தினும் மேலான ஒரு பொருளைத் தரக்கூடும். அது மாதம் ஒரு சனிக்கிழமை. பட்டம் பெற்ற ஆசிரியர் பக்கத்திலே நிற்க, முப்பது ஆண்டு ரோதையோடு பழகிய பிற்றர் ஒருவர் மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் காட்சியை நம் கல்லூரி காணுமாயின், அதுவே நம் பாட்டனாருக்கு நாம் செய்யும் நன்றி.

அவ்வறையின் சுவரில் ஓர் ஏடும் தொங்குதல் வேண்டும். இன்ன கருவி, இன்ன நாளில், இன்ன நியமத்தோடு ஒப்பிடப்பட்டது, இத்துணை வழு காணப்பட்டது, சோதித்த மாணவர் இன்னார் என்று அதில் எழுதப்படும். குறிப்பிட்ட நாளில் ஊரவர் தம் வீட்டுத் தராசையோ கடைத் தராசையோ கொணர்ந்தால் மாணவர் சோதித்துக் காட்டலாம். முத்திரையிடும் அதிகாரம் திணைக்களத்துக்கே உரியது. கல்லூரிக்கு உரியது அறிவூட்டல். இருப்பினும் தன் தராசின் முன் ஐயத்தோடு நிற்கும் தாய்க்கு, “அம்மா, முள் வெறுமையில் எங்கே நிற்கிறது என்று முதலிற் பாருங்கள்” என்று சொல்லத் தெரிந்த மகனோ மகளோ இல்லத்தில் இருத்தல் சிறு செல்வமன்று.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அளக்கப்பட்ட மக்கள் நாம். இனி அளக்கவும், அளவைச் சோதிக்கவும், வழுவை வழுவென்று அச்சமின்றிக் கூறவும் கற்றவர்களாக நம் பிள்ளைகள் இக்கல்லூரி வாயிலைக் கடந்து செல்க. அதற்குரிய பட்டறையை இவ்விழா ஆண்டிலேயே தொடங்கி வைத்தல் பழைய மாணவர்தம் கடன்.